அளிந்த பழத்தின் கணக்கு

சீப்பாக வாங்கிய வாழைப்பழத்தில் கடைசி மூன்று நான்கு எப்போதும் மிஞ்சிவிடும். தோல் கறுத்து, காம்பு தளர்ந்து, சிறு கொசு மொய்க்கத் தொடங்கிய பிறகு அதை யாரும் தொடுவதில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு அது குப்பை. சமையலறையில் நிற்பவளுக்கு மட்டும் அது ஒரு வேலை. எறிந்தால் காசின் அருமை தெரியாதவள் என்பார்கள். வைத்திருந்தால் இதை ஏன் இன்னும் எடுத்துப் போடவில்லை என்பார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவே அவள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அப்படி ஏதாவது செய்ததில் பிறந்ததுதான் 'பனானா பிரெட்'. பெயரில்தான் பிரெட், உண்மையில் அது கேக்குக்கு நெருங்கிய உறவு. அளிந்த பழம் இரண்டு மூன்றை மசித்து, மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, சோடா உப்பு சேர்த்து நீள அச்சில் ஊற்றி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓவனில் வேகவைக்கிறார்கள். கேட்டால் அமெரிக்காவில் பாட்டி காலத்துப் பலகாரம் என்பார்கள். ஆனால் அது அத்தனை பழையது அல்ல. அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் அது பரவலாக இடம்பிடித்தது 1930களில்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்த நாட்டுக்கு வாழைப்பழம் வந்துவிட்டது. ஓவன் அதற்கும் முன்பே இருந்தது. பிறகு ஏன் அந்தப் பத்தாண்டு?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. பெருமந்தம் வந்தது, கையில் காசில்லை, சிக்கனமான இல்லத்தரசிகள் எதையும் வீணாக்காமல் சமைத்தார்கள். இதில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சிக்கனத்தால் யாருடைய நஷ்டம் குறைந்தது, அதற்கான உழைப்பை யார் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை இந்தப் பதில் தொடுவதே இல்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது.

பழம் வந்த வழி

1870இல் லோரன்சோ டவ் பேக்கர் என்ற கப்பல் தலைவர் ஜமைக்காவில் 160 வாழைத்தார்களை வாங்கி ஏற்றிவந்து ஜெர்சி சிட்டியில் விற்றார். 1876இல் பிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் வாழைப்பழம் ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தது. ஒவ்வொரு பழத்தையும் தகட்டுத் தாளில் சுற்றி, பத்து சென்ட் விலைக்கு விற்றார்கள். 1885இல் பாஸ்டன் ஃப்ரூட் கம்பெனி தொடங்கியது. கோஸ்டா ரிகாவில் ரயில் பாதை போட்டு, பாதையோரமெல்லாம் வாழை நட்ட மைனர் கீத்தின் தொழிலோடு 1899இல் அது இணைந்தது. அந்த இணைப்பில் உருவானதுதான் யுனைட்டெட் ஃப்ரூட் கம்பெனி. ஒரு தலைமுறைக்குள் வேடிக்கைப் பொருள் ஏழைகளும் வாங்கும் பழமாகிவிட்டது.

வீட்டுக்கொல்லையில் வாழை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பழத்தின் குணம் தெரியும். தாரை வெட்டித் தொங்கவிட்டால் முதல் சீப்பு பழுக்கும்வரை காத்திருக்க வேண்டும்; பிறகு காத்திருக்க நேரமே இருக்காது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அது பக்கத்தில் இருப்பதையும் பழுக்க வைக்கிறது. அதனால்தான் தார் வெட்டிய வாரத்தில் தெருவில் நாலு வீட்டுக்குப் பழம் போகிறது. பகிர்ந்து தின்பது அந்தப் பழம் நமக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் குணம் வியாபாரத்துக்கு எதிரி. கம்பெனி அதைச் சமாளிக்கப் பெரும் பணம் செலவழித்தது. காயாகவே வெட்டி, குளிரூட்டிய கப்பலில் ஏற்றி, துறைமுகத்திலிருந்து ரயிலில் அனுப்பி, பழுக்க வைப்பதற்கென்றே கட்டிய அறைகளில் வைத்து விற்றார்கள். கப்பல்களோடும் தோட்டங்களோடும் உடனுக்குடன் பேச 1913இல் தனியாக ஒரு வானொலித் தந்தி நிறுவனத்தையே தொடங்கினார்கள். வெட்டிய நொடியிலிருந்து கடைக்கு வந்து சேரும்வரை பழத்தின் ஒவ்வொரு நாளும் கணக்கில் இருந்தது.

கணக்கில் இல்லாதது கடைசி மூன்று நான்கு நாட்கள். காசு கொடுத்து வாங்கிவந்த பிறகு பழம் கறுத்தால் அது கம்பெனியின் நஷ்டம் அல்ல, வாங்கியவளின் நஷ்டம். ஆனாலும் கம்பெனிக்கு அதில் ஒரு கவலை உண்டு. ஒரு டஜன் வாங்கி மூன்றைக் குப்பையில் போட்டவள் அடுத்த வாரம் ஒன்பதுதான் வாங்குவாள். அந்த மூன்றுக்கும் வீட்டுக்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் அவள் மறுபடியும் டஜனாகவே வாங்குவாள். அந்த வேலையைச் செய்யக் கப்பலோ குளிர் அறையோ தேவையில்லை. ஒரு பெண் போதும்.

மாவு உப்பிய வழி

பழம் மட்டும் இருந்தால் பனானா பிரெட் வராது. மசித்த பழம் கனமானது, ஈரமானது. அதைச் சேர்த்த மாவை உப்ப வைக்க ஒரு வழி வேண்டும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்து, மணிக்கணக்கில் பொங்க விட்டு ரொட்டி சுடுவது பழைய முறை. வாரத்தில் ஒரு நாளை அது விழுங்கிவிடும்.

இன்னொரு வழி அடுப்புச் சாம்பலிலிருந்து வந்தது. விறகுச் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சினால் கிடைக்கும் உப்பைத் தூய்மையாக்கி, புளித்த பாலோடு மாவில் சேர்த்தால் நுரை கிளம்பும், மாவு உப்பும். 1796இல் வெளியான 'அமெரிக்கன் குக்கரி' என்ற புத்தகத்தில் இந்த உப்பைப் பயன்படுத்தும் குறிப்புகள் அச்சாகியுள்ளன. அமெரிக்காவில் ஓர் அமெரிக்கர் எழுதி வெளியிட்ட முதல் சமையல் புத்தகம் என்று பொதுவாக அதைத்தான் சொல்கிறார்கள். எழுதியவர் அமேலியா சிம்மன்ஸ். தலைப்புப் பக்கத்தில் தன்னை 'ஓர் அமெரிக்க அனாதை' என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர். அவரைப் பற்றி வரலாற்றில் மிஞ்சியிருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோடா உப்பும், அதற்குப் பின் பேக்கிங் பவுடரும் டப்பாவில் அடைத்து விற்பனைக்கு வந்தன. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார். அவர் மனைவி எலிசபெத்துக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் செய்ததாக அந்தக் கதை சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு 1856இல் காப்புரிமை பெற்றார். கண்டுபிடித்த ஆண்களுக்குப் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. அந்தப் பொடியை எந்த மாவில் எவ்வளவு போட்டால் எப்படி வரும் என்று வீட்டில் போட்டுப் பார்த்து, கெடுத்துப் பார்த்து, திருத்தியவர்களுக்குப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை.

அந்தச் சோதனை சாதாரணமானது அல்ல. பழம் அதிகமானால் மேலே வெந்து நடுவில் களியாக நிற்கும். குறைந்தால் வெறும் மாவின் சுவை. சோடா கூடினால் சோப்பு வாடை. கூடுதலாகக் கலக்கினால் ரப்பர் போல இழுபடும். கலந்து வைத்துவிட்டுத் தாமதித்தால் நுரை அடங்கி அமுங்கிப்போகும். பழம் எவ்வளவு அளிந்திருக்க வேண்டும் என்பதும் சோதனையில் தெரிந்ததே. காயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து; அதில் பெரும்பகுதி பழுக்கும்போது சர்க்கரையாகிறது. அதனால் கறுத்த பழமே இனிப்பும் மணமும் ஈரமும் தரும். தின்ன ஆகாதது என்று ஒதுக்கிய பழம்தான் இந்தப் பண்டத்துக்கு நல்ல பழம். இதைத் தெரிந்துகொள்ள எத்தனையோ பெண்கள் எத்தனையோ அச்சுக்களைக் கரியாக்கியிருப்பார்கள்.

அந்த அறிவு சேமிக்கப்பட்ட இடங்களில் ஒன்று சமூகச் சமையல் புத்தகம். உள்நாட்டுப் போர்க்காலம் முதல் தேவாலயத்துக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நிதி திரட்ட, பெண்கள் தங்கள் குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டு விற்றார்கள். குறிப்பின் கீழே கொடுத்தவரின் பெயர் இருக்கும். மணமானவர் என்றால் பெரும்பாலும் 'திருமதி' என்று தொடங்கி, கணவரின் முழுப்பெயர் வரும். கண்டுபிடித்தவளுக்கு அச்சில் கிடைத்த அடையாளமும் அவளுடைய பெயரில் இல்லை.

ஆள் இல்லாத பெயர்கள், பெயர் இல்லாத ஆட்கள்

வீட்டுச் சோதனை எப்படிக் கம்பெனிச் சமையலறைக்குப் போனது என்று பார்க்க, எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸிடமிருந்து தொடங்க வேண்டும். எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் சேர்ந்த முதல் பெண் அவர். 1873இல் வேதியியலில் பட்டம் பெற்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குடிநீரை ஆயிரக்கணக்கான மாதிரிகள் எடுத்து ஆராய்ந்தவர். வீட்டு வேலையை அறிவியலாகப் படிக்க வேண்டும் என்று 1899இல் லேக் பிளாசிடில் அவர் தொடங்கிய கூட்டங்களிலிருந்து 'ஹோம் எகனாமிக்ஸ்' என்ற துறை உருவானது. நாம் மனையியல் என்று அழைப்பது அதைத்தான்.

அந்தத் துறை பெண்களுக்கு ஒரு கதவைத் திறந்தது. அதே நேரத்தில் மற்றக் கதவுகள் மூடியிருப்பதற்குச் சாக்காகவும் ஆனது. வேதியியல் படித்த பெண்ணை ஆய்வகத்தில் சேர்க்க மறுத்தவர்கள் மனையியல் துறையில் சேர்த்துக்கொண்டார்கள். 1923இல் அமெரிக்க வேளாண் துறை மனையியலுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியபோது அதன் தலைவரானவர் லூயிஸ் ஸ்டான்லி, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1926இல் அந்தப் பிரிவு வானொலியில் 'ஆன்ட் சாமி' என்ற அத்தையை உருவாக்கியது. அமெரிக்க அரசின் உருவமான 'அங்கிள் சாம்' இருக்கிறார் அல்லவா, அவருக்குத் துணையாக ஓர் அத்தை. அப்படி ஒரு பெண் கிடையாது. பல ஊர் வானொலி நிலையங்களில் பல பெண்கள் ஒரே எழுத்துப்படியை ஒரே பெயரில் வாசித்தார்கள். மிஞ்சிய சாப்பாட்டை என்ன செய்வது, குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று ஆன்ட் சாமி நாள்தோறும் சொன்னாள்.

கம்பெனிகள் இதற்கு முன்பே தொடங்கிவிட்டன. ஒரு மாவு நிறுவனம் 1921இல் வாசகிகளின் கடிதங்களுக்குப் பதில் எழுத 'பெட்டி குரோக்கர்' என்ற பெயரைக் கற்பனையாக உருவாக்கியது. குரோக்கர் என்பது ஓய்வு பெற்ற ஓர் இயக்குநரின் குடும்பப்பெயர். 1936இல் அவளுக்கு ஒரு முகமும் வரையப்பட்டது. 1945இல் 'ஃபார்ச்சூன்' இதழ், அமெரிக்காவில் எலினார் ரூஸ்வெல்டுக்கு அடுத்து மிகவும் அறியப்பட்ட பெண் அவளே என்று எழுதியது. அந்தப் பெயருக்குப் பின்னால் மார்ஜரி ஹஸ்டட் தலைமையில், பட்டம் பெற்ற பெண்களின் ஒரு பெரிய குழு சோதனைச் சமையலறையில் வேலை செய்தது. நாடே அறிந்த பெண்ணுக்கு ஆள் இல்லை. ஆளாக இருந்த பெண்களை நாடு அறியவில்லை.

மாவு நிறுவனங்களுக்கு அவசரம் இருந்தது. பட்டணத்துப் பெண்கள் ரொட்டியைக் கடையில் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 1928இல் மிசௌரி மாநிலத்தில் துண்டு போட்ட ரொட்டி இயந்திரத்திலிருந்தே வந்துவிட்டது. வீட்டில் ரொட்டி சுடுவது நின்றால் வீட்டுக்கு மாவு விற்பதும் குறையும். ஈஸ்ட் இல்லாமல், பிசையாமல், ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற பண்டங்களைப் பெண்களிடம் கொண்டுசேர்ப்பதே அவர்களுக்கு வழி. 1933இல் பில்ஸ்பரி மாவு நிறுவனம் வெளியிட்ட சமையல் நூலில் பனானா பிரெட் இருக்கிறது. தொகுத்தவர் அந்த நிறுவனத்தின் சமையல் பிரிவை நடத்திய மேரி எல்லிஸ் ஏம்ஸ். மாவு விற்பவர், பேக்கிங் பவுடர் விற்பவர், பழம் விற்பவர் மூவருக்கும் லாபம் தரும் ஒரு குறிப்பு அது. அதனால்தான் அது வேகமாகப் பரவியது.

பழக் கம்பெனி 1944இல் 'சிக்கிட்டா பனானா' என்ற பாடும் வாழைப்பழத்தை உருவாக்கியது. பழத் தொப்பியும் நடனப் பாவாடையும் அணிந்த பெண் உருவம். முந்தைய ஆண்டு 'தி கேங்ஸ் ஆல் ஹியர்' படத்தில் பிரேசிலின் கார்மன் மிராண்டா தலையில் பழக் கூடையோடு ஆடியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வானொலியில் ஒலித்த அந்த விளம்பரப் பாட்டு ஒரு பாடமும்கூட. தோலில் பழுப்புப் புள்ளி விழுந்தால் பழம் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம், அப்போதுதான் அது ருசி. குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். 1940இல் அமெரிக்க வீடுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் அந்தப் பெட்டி வந்திருந்தது. உள்ளே வைத்தால் தோல் கறுக்கும், கறுத்ததைப் பெண்கள் எறிவார்கள், விற்பனை குறையும். பழத்தின் கடைசி நாட்களும் இப்படிக் கம்பெனியின் கணக்குக்குள் வந்தன. அவற்றைக் கவனிக்கும் வேலை மட்டும் சமையலறையிலேயே இருந்தது.

'இல்லை' என்று எழுதிய வேலை

1930இல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுப்பாளர்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தலில் ஒரு புதுமை இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை உறவுமுறைக் கட்டத்தில் 'மனைவி' என்று எழுதி, பக்கத்தில் இல்லம் நடத்துபவள் என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டும். அதே பெண் தன் வீட்டு வேலையைத் தவிர வேறு வேலை செய்யவில்லை என்றால், தொழில் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். அவள் இருக்கிறாள் என்று ஒரு கட்டம் சொன்னது. அவள் செய்வது வேலையில்லை என்று இன்னொரு கட்டம் சொன்னது.

1933 வாக்கில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. ஆண்களின் வேலையை மணமான பெண்கள் பறித்துக்கொள்வதாக ஒரு கூச்சல் எழுந்தது. கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு ஊழியராக இருந்தால், ஆட்குறைப்பில் ஒருவரை முதலில் நீக்க வேண்டும் என்று 1932இல் இயற்றிய சிக்கனச் சட்டத்தின் 213ஆம் பிரிவு கூறியது. சட்டத்தில் 'பெண்' என்ற சொல் இல்லை. வேலையை இழந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1937இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சம்பளம் வாங்கியவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் எதையும் வீணாக்காதே என்று வானொலியில் பாடம் நடத்திய காலம் அது.

சிக்கனம் என்பதை ஆசையை அடக்கும் ஒரு குணமாகவே நாம் நினைக்கப் பழகியிருக்கிறோம். உண்மையில் அது நேரம். கடையில் வாங்காததை வீட்டில் செய்வது, கிழிந்ததைத் தைப்பது, கெட இருந்ததை உண்பதாக மாற்றுவது, எல்லாமே பணத்துக்குப் பதிலாகப் பெண்ணின் நேரத்தைச் செலவழிப்பது. பழம் மூன்று மிச்சமானது என்று குடும்பக் கணக்கில் எழுதலாம். மசித்து, கலக்கி, ஓவனைப் பார்த்துக்கொண்டு நின்று, பாத்திரம் கழுவிய ஒன்றரை மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அடுப்பருகே நின்றது எப்போதும் வீட்டுத் தலைவி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வசதியான வெள்ளையர் வீடுகள் பலவற்றில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், சமைத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் விவசாயத் தொழிலாளர்களையும் ஓய்வூதியத்திலிருந்து விலக்கியது. சம்பளத்துக்குச் செய்தபோதும் அந்த வேலை முழு வேலையாக எண்ணப்படவில்லை. வீட்டுத் தலைவியின் பெயரில் அச்சான குறிப்புகளில் எத்தனை இந்தப் பெண்களின் கைப்பக்குவம் என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூலில் இந்த வரலாற்றைத் திருப்பிப் பார்த்தார். அடுப்பு, மாவு ஆலை, மின்சாரக் கருவிகள் எல்லாம் வீட்டு உழைப்பைக் குறைத்ததாகச் சொல்கிறோம். குறைந்தது பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்த பங்குதான். விறகு வெட்டுவது போயிற்று, தானியம் அரைக்கப் போவது போயிற்று. அம்மாவின் வேலை போகவில்லை. அவளிடம் எதிர்பார்ப்பது கூடியது. வெறும் ரொட்டி போதும் என்றிருந்த வீட்டில் கேக்கும் வேண்டும் என்றானது. இதற்கும் முன்பு, 1972இல் தொடங்கிய 'வீட்டு வேலைக்குக் கூலி' இயக்கத்தில் செல்மா ஜேம்ஸ், மரியரோசா டல்லா கோஸ்டா, சில்வியா ஃபெடரிசி ஆகியோர் கேட்டதும் இதைத்தான். அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் அது உழைப்பு இல்லை என்றாகிவிடுமா?

தாரின் மறுமுனை

சமையலறைக்கு வந்த பழம் எங்கோ ஒரு தோட்டத்தில் வெட்டப்பட்டது. அங்கே போகாமல் இந்தக் கணக்கு முடியாது.

1928இன் இறுதியில் கொலம்பியாவின் கரீபியன் கரையோரத்தில் யுனைட்டெட் ஃப்ரூட்டின் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு, விபத்துக்கு இழப்பீடு, கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும் சீட்டுக்குப் பதிலாகப் பணமாகக் கூலி, இவை கோரிக்கைகளில் சில. டிசம்பர் 6ஆம் நாள் அதிகாலை, சியனாகா ஊரில் கூடியிருந்தவர்கள் மீது ராணுவம் சுட்டது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றும் தீராத சர்ச்சை. அமெரிக்க வீட்டில் அந்தப் பழம் மலிவாகக் கிடைத்ததற்கும் இந்தக் கூலிக்கும் உள்ள தொடர்பை எந்தச் சமையல் குறிப்பும் எழுதவில்லை.

அப்போது ஏற்றுமதியானது குரோஸ் மிஷெல் என்ற ரகம். தடித்த தோல், முழுத் தாராகவே கப்பலில் ஏற்றலாம். பனாமா வாடல் நோய் அந்த ரகத் தோட்டங்களை அழித்தது. அதற்குப் பதிலாக 1950களிலும் 60களிலும் கேவண்டிஷ் ரகம் வந்தது. அது எளிதில் அடிபடும். எனவே தோட்டத்திலேயே சீப்பு சீப்பாக வெட்டி, தண்ணீர்த் தொட்டியில் கழுவி, அட்டைப் பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டியதாயிற்று. இந்தப் பொதியிடும் கொட்டகைகளில் வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் பெண்களை. கை மென்மை என்று காரணம் சொன்னார்கள். நாள் முழுக்க நின்றபடி, மருந்து கலந்த தண்ணீரில் கை நனைய, தழும்பு விழுந்த பழத்தை ஒதுக்கி நல்லதை மட்டும் அடுக்குவது அந்த வேலை.

வேண்டாத பழம் முதலில் பிரிவது அங்கேதான். தின்பதற்கு எந்தக் குறையும் இல்லாத பழம், பார்வைக்குச் சரியில்லை என்று கப்பலேறாமல் நின்றுவிடும். ஒதுக்குகிறவளும் ஒரு பெண். கடல் கடந்து போனதில் மிஞ்சிக் கறுத்ததைக் காப்பாற்றுகிறவளும் ஒரு பெண். ஒரே பழத்தைத் தொட்ட இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருத்திக்குக் குறைந்த கூலி, இன்னொருத்திக்குக் கூலியே இல்லை.

சிந்தியா என்லோ 1989இல் வெளியான 'பனானாஸ், பீச்சஸ் அண்ட் பேசஸ்' நூலில் வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு உலக அரசியலில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். கார்மன் மிராண்டாவும் சிக்கிட்டாவும் தோட்டத்துப் பெண்களும் வாங்குகிற இல்லத்தரசியும் அங்கே ஒரே கதையில் வருகிறார்கள். கொட்டகைப் பெண்கள் சும்மா இருக்கவுமில்லை. 1980களின் நடுவிலிருந்து ஹோண்டுராஸிலும் அண்டை நாடுகளிலும் வாழைத் தொழிற்சங்கங்களுக்குள் தங்களுக்கென்று குழுக்களை அமைத்துப் போராடினார்கள். அந்த வரலாற்றை டானா ஃபிராங்க் 2005இல் 'பனானேராஸ்' என்ற நூலாக எழுதினார். அவர்களுக்குக் கம்பெனியோடு மட்டும் சண்டை இல்லை. கூட்டத்துக்குப் போகக் கணவனிடமும், மேடையில் பேசச் சங்கத் தலைவர்களிடமும் இடம் வாங்க வேண்டியிருந்தது.

நம் அடுப்படி

தமிழ்ப் பெண்களுக்கு அளிந்த பழம் புதிய பிரச்சினை அல்ல. மாவில் பிசைந்து வெல்லம் சேர்த்து அப்பமாகவும் குழிப்பணியாரமாகவும் ஊற்றுவது நம் வீடுகளின் பழைய விடை. அமெரிக்க மனையியலும் நம்மிடம் வந்தது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ், 1957இல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியின் வழியே சத்துணவையும் சமையலையும் பாடமாகப் பயிற்றுவித்தவர்களில் முதன்மையானவர். ஓவன் இல்லாத வீடுகளில் குக்கரில் மணல் பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு கேக் சுட்ட பெண்களை நம்மில் பலருக்குத் தெரியும். அது யாருடைய கண்டுபிடிப்பு? தெரியாது. அமேலியா சிம்மன்ஸுக்காவது ஒரு தலைப்புப் பக்கம் கிடைத்தது.

2020இல் ஊரடங்கு வந்தபோது உலகெங்கும் பனானா பிரெட் மறுபடியும் சுடப்பட்டது. சென்னை, கோவை வீடுகளிலும் சுட்டார்கள். அதே வாரங்களில் தமிழ்நாட்டு வாழை விவசாயிகள் வாங்க ஆளின்றித் தார்களைத் தோட்டத்திலேயே விட்டார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்களில் பலர் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள். கூலி இழந்தவர்கள் ஏராளம். அவர்கள் செய்துவந்ததும் சேர்ந்து வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தது. ஊரடங்குக்கு முந்தைய ஆண்டு, 2019இல், இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலையில் ஈடுபட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்கள் செலவிட்டது 97 நிமிடம். ஊரடங்கில் கேக் சுட்ட மகிழ்ச்சியான படங்கள் இந்த 299இன் மேல்தான் ஏறி நின்றன.

நமக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. சுடவும் நேரமில்லை, எறியவும் மனமில்லை என்றால், அந்தப் பழம் வீட்டுவேலைக்கு வரும் அம்மாவின் பைக்குப் போகும். கொடுத்த திருப்தி நமக்கு. நாம் தின்னமாட்டோம் என்று ஒதுக்கியதைப் பெற்றுக்கொள்ளும் வேலை அவருக்கு. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. வாழைத்தார் வெட்டியதும் தெருவுக்குக் கொடுப்பது பகிர்வு. அளிந்தபின் கீழே தள்ளுவது பகிர்வு அல்ல. பழம் யார் கைக்கு எந்த நாளில் போகிறது என்பதில் சாதியும் வர்க்கமும் தெரியும்.

இதையெல்லாம் சொல்வது பழத்தை எறியச் சொல்வதற்காக அல்ல. உணவை வீணாக்குவது தவறு. கறுத்த பழத்தில் மணமான பண்டம் வரும் என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியும் பொய்யல்ல. அது ஆய்வு செய்பவரின் மகிழ்ச்சி. அந்த ஆய்வுக்கு ஆய்வு என்றே பெயர் சொல்ல வேண்டும். அதற்கான நேரத்தை நேரமாக எண்ண வேண்டும். வீணாகாமல் காப்பது குடும்பத்தின் பொறுப்பு என்றால் குடும்பத்தில் எல்லோரும் மசிக்கலாம், எல்லோரும் அச்சைக் கழுவலாம்.

வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ பெரியம்மாவோ எழுதிய சமையல் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய குறிப்புக்குப் பக்கத்தில், 'சோடா பாதி போதும்', 'இரண்டாம் முறை சரியாக வந்தது' என்று பென்சிலில் எழுதியிருக்கும். எழுதிய நாளைக் கேளுங்கள். எழுதியவரின் முழுப்பெயரை, கணவர் பெயரும் அப்பா பெயரும் இல்லாமல், முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த வீட்டில் அடுப்பருகே வேறொருவரும் நின்றிருந்தால் அவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.